ஒரு விரல் தள்ளிய பட்டை

அந்த ஆளை எனக்குப் பிடிக்காது. செத்துப் போயிருந்தாலும் பிடிக்காது, உயிரோடு எங்கேயாவது சாய்வு நாற்காலியில் கிடந்தாலும் பிடிக்காது. வயதானால் மனசு இளகிவிடும் என்று என்னிடம் சொன்னவர்கள் உண்டு. ஐம்பதைத் தாண்டிவிட்டேன், ஒன்றும் இளகவில்லை. நேரில் அவனைத் தொரை, தொரை என்று வாய் நிறையக் கூப்பிட்டவன்தான் நான். அதற்கும் சேர்த்து இங்கே அவன் என்றே எழுதப் போகிறேன்.

இலங்கையில் ரயில் பண்டாரவளையோடு நின்றிருந்த காலம் அது. எங்கள் தோட்டம் பதுளையிலிருந்து அரை நாள் நடை. காப்பி நோய் வந்து செத்து, அதே சரிவில் தேயிலை நட்டிருந்தார்கள். நான் அங்கே கணக்கப்பிள்ளை. பெயரில்தான் கணக்கு. வேலை என்னவோ மலையில் ஏறி இறங்கி, ஆட்கள் கொழுந்தை ஒழுங்காக எடுக்கிறார்களா என்று பார்த்துத் தொண்டை கிழியக் கத்துவது. பதுளையில் பாதிரிமார் பள்ளிக்கூடத்தில் நாலு வருஷம் இங்கிலீஷ் படித்திருந்தேன். அந்த நாலு வருஷந்தான் என்னை அவனிடம் மாட்டிவிட்டது.

எனக்கு இருந்தது ஒரே தங்கை. அப்பாவும் அம்மாவும் போன பிறகு அவளைத் தோட்டத்திலேயே ஒருவருக்குக் கட்டிக் கொடுத்தேன். இரண்டு பிள்ளைகள். கீழ் லயத்தில் ஒரே கூரைக்கு அடியில் வரிசையாக ஆறு காம்பரா, குடும்பத்துக்கு ஒரு அறை, அதில் மலைப்பக்கத்துக் கடைசிக் காம்பரா அவளுடையது. ஆறு காம்பராவிலும் சேர்த்து முப்பது பேர் இருந்தார்கள். அந்த லயத்துக்கு நேர் மேலே நாங்கள் முனிசாமியாகக் கும்பிடும் முனிக்கல். இரண்டு காம்பரா அளவுக்கு ஒற்றைக் கருங்கல், ஒரு பாறைத் தட்டின் மேல் உட்கார்ந்திருந்தது. தட்டு லயத்தைப் பார்த்துச் சரிந்திருக்கும். கீழே அடுப்பு மூட்டினால் புகை நேராக முனியின் முகத்தில் போய் முட்டும்.

முனிக்குப் பட்டை அடிப்பது எங்கள் குடும்பத்து உரிமை. வருஷத்துக்கு ஒரு தடவை, கார்த்திகை மழை இறங்குவதற்கு முன்னால் பூசை. அன்று காலையில் சுண்ணாம்பும் காவியும் கரைத்துக்கொண்டு போய், கல்லின் பக்கவாட்டில் மேலிருந்து கீழாக வெள்ளை, சிவப்பு, வெள்ளை, சிவப்பு என்று அடிப்போம். பட்டை கல்லோடு நிற்காது. கல்லிலிருந்து இறங்கி, அடியில் கிடக்கும் பாறைத் தட்டிலும் அதே கோட்டில் இரண்டு முழம் ஓட வேண்டும். முனியும் அவர் உட்கார்ந்த இடமும் ஒன்று என்பது கணக்கு. அப்பா அடித்தார், அவருக்குப் பிறகு நான் அடித்தேன். தங்கை புருஷன் சுண்ணாம்புப் பானையைப் பிடித்துக்கொள்வார்.

ஒவ்வொரு வருஷமும் ஒரு தொல்லை. போன வருஷத்துப் பட்டையைப் பார்த்தால் கல்லில் இருக்கும் வெள்ளையும் பாறைத் தட்டில் இருக்கும் வெள்ளையும் ஒரே கோட்டில் இருக்காது. ஒரு விரல் தள்ளி நிற்கும். "மச்சான், போன தடவ ரொம்பப் போட்டுட்டீங்க போல," என்று தங்கை புருஷன் சிரிப்பார். பூசை நாளில் நான் கொஞ்சம் குடிப்பது உண்மைதான். அதனால் நானும் பதில் பேச மாட்டேன். கல்லில் இருக்கும் பட்டையை அப்படியே வைத்துக்கொண்டு, பாறைத் தட்டில் இருப்பதை நேராக்கிப் புதிதாக அடித்துவிடுவேன். முனியைத் திருத்தக் கூடாது, தரையைத் திருத்தலாம். இப்படி ஆறேழு வருஷம் திருத்தினேன்.

அவன் வந்து இறங்கியது ஒரு ஆவணியில். தோட்டத்தை நடத்திய வெள்ளைக்காரர், எங்கள் பெரிய தொரையின் மனைவிக்கு அண்ணன். பாறைகளைப் பற்றிப் படித்தவன் என்றார்கள். மூன்று மாதம் பங்களாவில் தங்கி, மலை மலையாக ஏறிப் பாறை பார்க்கப் போகிறானாம். இங்கிலீஷ் தெரிந்தவன் ஒருவன் கூடப் போக வேண்டும். காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில் எல்லாருக்கும் முன்னால் என் பெயரைச் சொல்லி, அளவுக்கம்பை என் கையில் கொடுத்தார்கள். அதற்குள்ளே ஆட்கள் அவனுக்குக் கல்லுத் தொரை என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

முதல் நாளே தொடங்கிவிட்டான். நான் குனிந்து உட்கார்ந்தால் என் முதுகில் புத்தகத்தை வைத்து எழுதுவான். அட்டை கடித்து என் காலில் இரத்தம் ஓடும், கம்பு ஆடுகிறது என்று கத்துவான். தாகத்துக்கு நான் தண்ணீர் குடித்தால் அவன் குடிக்கும் வரை பொறுக்கத் தெரியாதா என்பான். நான் சொல்வதை அவன் எழுதியதே இல்லை. மலையின் பெயரைக் கேட்பான், சொல்வேன், அது சரியில்லை என்று வேறொன்றை எழுதிக்கொள்வான்.

ஒரு நாள் உச்சியில் நின்றுகொண்டு, இந்த மலையெல்லாம் ஒரு காலத்தில் ஐஸுக்கு அடியில் இருந்தது என்றான். ஐஸை நான் அதுவரை பார்த்ததில்லை. கொழும்பில் தொரைமார் கிளாஸில் போட்டுக் குடிப்பார்கள் என்று கேள்வி. எங்கள் பக்கம் ஆலங்கட்டி விழும், பிள்ளைகள் பொறுக்கித் தின்பதற்குள் கரைந்துவிடும். அவன் சொன்னது மலையை மூடுகிற ஐஸ். அது ஆறு போல நகருமாம், வருஷத்துக்கு இத்தனை அடி என்று. போகிற போக்கில் அடியில் கற்களைப் பிடித்துக்கொண்டு போகும். அந்தக் கற்கள் கீழே கிடக்கும் பாறையைக் கீறும், தேய்த்து வழவழப்பாக்கும். ஐஸ் எட்டாத உச்சி மட்டும் முரடாகவே நிற்கும். எல்லாம் உருகிப் போன பிறகு வருகிறவன் மலையைப் பார்த்து, வழவழப்பு எங்கே முடிகிறது, முரடு எங்கே தொடங்குகிறது என்று ஒரு கோடு கண்டுபிடித்தால் போதும். பள்ளத்தாக்கின் அடியிலிருந்து அந்தக் கோடு எவ்வளவு உயரமோ, ஐஸ் அவ்வளவு கனம்.

பாறை வெளியே வந்து எவ்வளவு காலம் ஆயிற்று என்பதையும் அதுவே சொல்லுமாம். நெடுங்காலம் வெயிலும் மழையும் பட்ட பாறையில் கல்பாசி வட்டம் வட்டமாகப் படர்ந்திருக்கும், மேல்தோல் பொரிந்திருக்கும். புதிதாக வெளியே வந்தது சுத்தமாக இருக்கும். இதைச் சொல்லும்போது அவன் முகம் கொஞ்சம் மனுச முகமாக இருந்தது. எனக்கும் மனசுக்குள் பிடித்துப் போயிற்று, அதை ஏன் மறைக்க வேண்டும். அந்த விளக்கத்தில் எனக்கு அன்றும் குறை தெரியவில்லை, இன்றும் தெரியவில்லை. அவன் ஊரில் அது சரியாகத்தான் இருக்கும். இங்கே இரண்டு மாதம் தேடியும் அவனுக்கு ஒழுங்கான கீறல் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. கிடைக்காத நாளெல்லாம் கோபம் என் தலையில் விடிந்தது.

கடைசியில் முனிக்கல்லைப் பார்த்தான். நான் அந்தப் பக்கமே அவனைக் கூட்டிப் போகாமல் சுற்றிக்கொண்டிருந்தேன். அவனாகக் குதிரையில் போகும்போது பார்த்துவிட்டான். கல்லுக்கு மேற்புறத்தில், அதாவது மலைப்பக்கம், கல்லை ஒட்டிப் பாறைத் தட்டில் ஒரு சாண் நீளத்துக்குக் கீறல்கள். எல்லாம் ஒரே திசையில், சரிவைப் பார்த்து. அவனுக்குத் தலைகால் புரியவில்லை. ஐஸ்தான் இந்தக் கல்லைக் கொண்டுவந்து வைத்தது, இந்தக் கீறல்தான் அத்தாட்சி என்று குதித்தான். இங்கேயிருந்து அளந்தால் ஐஸ் இத்தனை நூறடி என்று புத்தகத்தில் எழுதினான். பிறகு பூட்ஸ் காலோடு முனியின் மேலே ஏறினான்.

கீழே தேயிலையில் நின்ற பெண்கள் அத்தனை பேரும் பார்த்தார்கள். நான் இறங்கச் சொன்னேன். அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அதோடு விட்டானா, பட்டைக்கு அடியிலும் கீறல் இருக்கும், சுரண்டு என்று ஒரு கம்பி பிரஷை என் கையில் திணித்தான். மாட்டேன் என்றேன். சுரண்டாவிட்டால் நாளைக்குத் தோட்டத்தில் உனக்கு வேலை இல்லை என்றான். நான் அடித்த பட்டையை நானே சுரண்டினேன். அன்றைக்கு என் கை செய்ததை நினைத்தால் இன்றும் அந்தக் கையால் சோறு தின்னக் கூசுகிறது.

சுரண்டும்போதுதான் பார்த்தேன். கல்லில் சுண்ணாம்பும் காவியும் வருஷத்துக்கு ஒன்றாக, வெள்ளைக்கு மேல் வெள்ளை, சிவப்புக்கு மேல் சிவப்பு, பிசகாமல் படிந்திருந்தன. அடியில் பாறைத் தட்டில் அப்படி இல்லை. புது வெள்ளையைச் சுரண்டினால் அடியில் பழைய சிவப்பின் ஓரம். அதைச் சுரண்டினால் அதற்கும் பழைய வெள்ளை, இன்னும் ஒரு விரல் மலைப்பக்கம். எல்லாவற்றுக்கும் அடியில் அப்பா அடித்த பட்டை, ஒரு சாண் தள்ளி. படிக்கட்டு மாதிரி அடுக்காக இருந்தது.

பிரஷைக் கீழே வைத்தேன். நான் கோணலாக அடிக்கவில்லை. குடித்துவிட்டு அடித்த வருஷமும் நேராகத்தான் அடித்திருக்கிறேன். கல்தான் வருஷா வருஷம் ஒரு விரல் லயத்தைப் பார்த்து இறங்கியிருக்கிறது. பூசைக்குப் பூசை அது இறங்கிய அளவை நான் சுண்ணாம்பு போட்டு மறைத்திருக்கிறேன். மேலே மலைக்காட்டை வெட்டி, மழைத் தண்ணீர் வடிந்து ஓடக் கான் வெட்டி, அந்தத் தண்ணீரைப் பாறைத் தட்டுக்கு அடியில் விட்டது எந்த வருஷமோ, அந்த வருஷத்திலிருந்து. எழுந்து போய் மலைப்பக்கத்துக் கீறல்களை விரலால் தடவினேன். புதிதாக அரைபட்ட கல்லின் வெள்ளை மாவு ஒட்டியது. ஒரு பொட்டுக் கல்பாசி இல்லை.

அவனிடமே கேட்டேன். "கீறல் பழசு என்றால் கல்பாசி எங்கே, தொரை?"

"மேலே கல் மூடியிருந்தது. அதனால் வளரவில்லை."

"மூடியிருந்ததென்றால் இப்போது எப்படி வெளியே தெரிகிறது?"

பட்டையின் படிகளைக் காட்டினேன். நன்றாகப் பார்த்தான். பார்த்துவிட்டு, உங்கள் ஆட்களுக்கு நேராகக் கோடு போடத் தெரியாது என்றான். கம்பை நேராகப் பிடி என்றான்.

அன்று மாலையே பங்களாவுக்குப் போய்ப் பெரிய தொரையிடம் சொன்னேன். கல்லை வெடிமருந்து வைத்து உடைக்க வேண்டும், இல்லாவிட்டால் லயத்தைக் காலி செய்ய வேண்டும் என்றேன். தன் மச்சான் படம் வரைந்து முடிக்கும் வரை அந்தக் கல்லில் ஒருவன் கை வைக்கக் கூடாது என்றார். ஆட்களை எங்கே வைப்பது, உன் தலையிலா என்றும் கேட்டார். சமையல் கட்டில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

பெரிய கங்காணியிடம் போனேன். அவர்தான் பூசையை நடத்துகிறவர், லயத்து ஆட்கள் அவர் சொல்லுக்கு மறு சொல் சொல்ல மாட்டார்கள். அவர் வெற்றிலையை மென்றுகொண்டே கேட்டார்.

"முனி எறங்கி வர்றாருன்னு சொல்றியா?"

"கல்லு வழுக்குதுங்க ஐயா."

"முனி மேல பூட்ஸு காலு ஏறினப்ப நீ எங்க இருந்த? பிரஷ் யாரு கையில இருந்துச்சு?" என்றார். "எறங்கி வந்தா நம்ம ஆளுகளப் பாக்கத்தான் வருவாரு. உன்னயும் பாப்பாரு. போ."

தங்கையிடம் சொன்னேன். அவள் பீலியில் விழும் தண்ணீரைக் குடத்தில் பிடித்துக்கொண்டிருந்தாள். "குடிச்சுப்புட்டுக் கோணலா அடிச்சது நீ, இப்ப முனி நடக்குதுன்னு கத விடுறியா?" என்றாள். நான் சிரிக்கவில்லை என்று கண்டதும் அவளும் சிரிப்பை நிறுத்தினாள். "நெசமாவே பயமா இருந்தா, நாங்க போறதுக்கு ஒரு எடம் காட்டு அண்ணே. தொரை உத்தரவு இல்லாம காம்பரா மாற முடியுமா?" முடியாது. பிள்ளைகளை மட்டுமாவது என் காம்பராவுக்கு அனுப்பு என்றேன். மற்ற அஞ்சு வீட்டுப் பிள்ளைகளும் இங்கேதானே தூங்குது என்றாள்.

ஐப்பசி முடியும்போது மழை பிடித்துக்கொண்டது. பதுளைப் பக்கத்து மழை தெரிந்தவர்களுக்குத் தெரியும், பிடித்தால் விடாது. நான் முனிக்கல்லுக்குப் போய், மழையில் அழியாதபடி ஒரு ஆணியால் கல்லிலும் தட்டிலும் சேர்த்து ஒரே கோடு கீறிவிட்டு, தினமும் காலையில் போய்ப் பார்த்தேன். மறுநாளே கோடு உடைந்திருந்தது. மூன்றாம் நாள் அரை விரல். ஐந்தாம் நாள் ஒரு விரல். ஒரு வருஷத்தில் இறங்கும் தூரத்தைக் கல் ஐந்து நாளில் இறங்கியிருந்தது.

உண்மையைச் சொல்லிப் பார்த்தாயிற்று, ஒருவனும் கேட்கவில்லை. பொய் சொன்னேன். கல்லுத் தொரையிடம் போய், கீழ் லயத்துக்கு அடியிலும் இதே பாறைதான் ஓடுகிறது என்றேன். காம்பராத் தரை போட்டபோது நான் பார்த்தேன், கீறல் இதைவிட நீளம், இதைவிட ஆழம், அங்கேயிருந்து அளந்தால் ஐஸின் கனம் இன்னும் நூறடி கூடும் என்றேன். என் வாழ்க்கையில் நான் சொன்னதை அவன் புத்தகத்தில் எழுதிக்கொண்டது அந்த ஒரு தடவைதான்.

மறுநாள் பெரட்டில் உத்தரவு வந்தது. கீழ் லயம் ஆறு காம்பராவும் காலி. தரையைத் தோண்ட வேண்டும். ஆட்கள் பழைய காப்பி ஸ்டோரில் போய் இருக்க வேண்டும். லயத்து ஆட்களை வைக்க இடமில்லை என்று சொன்ன அதே பெரிய தொரைக்கு, மச்சான் கேட்டதும் இடம் கிடைத்தது. காப்பி ஸ்டோருக்குக் கூரையில் பாதி இல்லை. கொட்டுகிற மழையில் முப்பது பேரும் சட்டி பானையை, பாயை, கோழியைத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். யார் சொல்லி இது நடந்தது என்று ஒரு மணி நேரத்தில் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது.

வாய்க்கு வந்தபடி ஏசினார்கள். பூட்ஸு நக்கி என்றார்கள். தங்கை தன் அடுப்புக் கல்லைப் பெயர்த்துத் தலையில் வைத்துக்கொண்டு என்னைத் தாண்டிப் போனாள். நான் அவள் சின்னவனைத் தூக்கக் கை நீட்டினேன். தட்டிவிட்டாள்.

"முனிய சொரண்டுன கையி," என்றாள். "அந்தக் கையால எம்புள்ளயத் தொடாத."

நான் சொல்லியிருக்கலாம். அத்தனை பேர் நடுவில், உன்னை வெளியே கொண்டுவரத்தான் செய்தேன் என்று கத்தியிருக்கலாம். கத்தினால் அவனுக்கும் தெரிந்துவிடும், உத்தரவைத் திரும்ப வாங்கிவிடுவான்.

நாலு நாள் தோண்டினார்கள். என் தங்கையின் காம்பராவில் ஆள் உயரத்துக்குக் குழி. மஞ்சள் மண், மஞ்சள் மண், மேலும் மஞ்சள் மண். பாறை இல்லை. அவன் உள்ளேயே நின்றுகொண்டு ஏவினான். அவன் அங்கே நிற்பது ஆபத்து என்று எனக்குத் தெரியும். முதல் நாள் ஒரு தடவை சொன்னேன், மேலே கல் இருக்கிறது, தொரை, என்று. அவன் திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டாம் தடவை நான் சொல்லவில்லை. தோண்டுகிற ஆட்களை மட்டும் மணிக்கொரு தடவை தண்ணீர் குடிக்க, மண் கொட்ட என்று வெளியே இழுத்துக்கொண்டே இருந்தேன். அவனை இழுக்கவில்லை. இதை இன்று வரை யாரிடமும் சொன்னதில்லை.

ஐந்தாம் நாள் பகல் பன்னிரண்டு மணி இருக்கும். நான் பொய் சொன்னேன் என்பது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. குழியிலிருந்து ஏறி, வாசலைத் தாண்டி, கைத்தடியை ஓங்கிக்கொண்டு என்னைத் தேடி வந்தான். லயத்தை விட்டு ஒதுங்கி, ஆட்கள் மண் கொட்டுகிற இடத்தில் நான் நின்றேன். அவன் என்னை அடிப்பதைப் பார்க்க அத்தனை பேரும் கூடிவிட்டார்கள். முதல் அடி தோளில் விழுந்தது. இரண்டாவது விழவில்லை. மேலே மரம் முறிகிற சத்தம் கேட்டது. முனிக்கல் பாறைத் தட்டின் விளிம்பில் ஒரு கணம் நின்று, பிறகு இறங்கியது. லயத்தின் நடுவில் ஆறு காம்பராவையும் இழுத்துக்கொண்டு போய், கீழ்த் தட்டில் ஓடைக்கு மேலே நின்றது. என்னை அடிக்க வெளியே வந்திராவிட்டால் அவன் செத்திருப்பான்.

ஒரு கோழிகூடச் சாகவில்லை.

அவன் என்ன செய்தான் தெரியுமா? மழையில் நேராக மேலே ஏறிப் போனான். நானும் போனேன். கல் இருந்த இடத்தில் பாறைத் தட்டு வெறுமையாகக் கிடந்தது. அதன் மேல் மேலிருந்து விளிம்பு வரை புதுக் கீறல்கள், அவன் இரண்டு வாரமாகப் படம் வரைந்தானே, அதே அகலம், அதே ஆழம், அதே திசை. பழைய கீறல் எங்கே முடிகிறது, புதுக் கீறல் எங்கே தொடங்குகிறது என்று அவனாலும் சொல்ல முடியவில்லை. குனிந்து விரலை வைத்தான். வெள்ளை மாவு. ஐஸ் இல்லை, ஒன்றும் இல்லை என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. நீ சொன்னது சரி என்று ஒரு வார்த்தை, கீழே நிற்கிற ஆட்களுக்குக் கேட்கும்படி ஒரு வார்த்தை சொல்வான் என்று காத்திருந்தேன். என்னைத் தாண்டி இறங்கிப் போனான். அந்த வாரமே பண்டாரவளைக்கு வண்டி கட்டிவிட்டான். அதனால்தான் எனக்கு அவனைப் பிடிக்காது. பூட்ஸையும் கைத்தடியையும் நான் மறந்திருப்பேன்.

அவன் சொல்லாததைக் கங்காணி சொன்னார். முனி மேல் கால் வைத்து, பட்டையைச் சுரண்டி, அவர் காலடியைத் தோண்டினார்கள், அதனால் கோபித்து இறங்கினார். முப்பது உயிரையும் விட்டுவைத்தது அவர் கருணை. சுரண்டியவன், தோண்ட வைத்தவன் யார் என்று எல்லாருக்கும் தெரியும். என்னிடம் காட்ட ஒன்றும் இல்லை. படிப்படியாக இருந்த பட்டையெல்லாம் கல்லோடு உராய்ந்து போயிருந்தது, மீதியை என் கையே சுரண்டியிருந்தது. தங்கையிடம் போனேன். கதவு இல்லாத காப்பி ஸ்டோரில் அவள் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். நான் பதுளைக்கு வந்துவிட்டேன்.

கடைவீதியில் ஒரு துணிக்கடையில் இங்கிலீஷ் கடிதம் எழுதுகிற வேலை கிடைத்தது. கடைக்குப் பின்னால் ஒரு அறை. பெரிய தொரை புது லயம் கட்டினார் என்று கேள்விப்பட்டேன். எங்கே என்று கேட்டேன். முனிக்கல் இப்போது நிற்கிற இடத்துக்குக் கீழே என்றார்கள், சமதரை அங்கேதான் இருக்கிறதாம். வேறு என்ன செய்வார்கள். பட்டை அடிக்கும் உரிமை தங்கை புருஷனுக்குப் போயிற்று. ஒவ்வொரு கார்த்திகையிலும் தோட்டத்து ஆட்கள் யாராவது சாமான் வாங்க வந்தால் மேசையை விட்டு எழுந்து போய்க் கேட்பேன். "பட்டை அடிச்சாங்களா? கல்லுலயும் தரையிலயும் சேர்ந்து நிக்குதா?" அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். இதுக்கு மூளை கொழம்பிப் போச்சு என்று என் காதுபடவே சொல்லிவிட்டுப் போவார்கள். ஏழு வருஷம் கேட்டேன். தங்கை ஒரு வார்த்தை சொல்லியனுப்பவில்லை.

ஏழாவது வருஷம் ஒரு காலை, கடையைத் திறந்து பலகையை அடுக்கிக்கொண்டிருந்தேன். எதிரே மழையில், இரவெல்லாம் நடந்த கோலத்தில், தங்கை நின்றாள். பெரிய பிள்ளைகள் இரண்டு, இடுப்பில் நான் பார்த்தே இராத ஒன்று. பின்னால் அவள் புருஷன், தலையில் மூட்டை, கையில் கட்டிய கோழிகள்.

"அண்ணே," என்றாள். ஏழு வருஷத்துக்குப் பிறகு.

நான் பலகையைக் கீழே வைத்தேன்.

"பட்டை சேரல. ஒரு விரல் தள்ளி நிக்குது."

"மத்த காம்பராக்காரங்க?"

"சொன்னேன். அண்ணனுக்கும் தங்கச்சிக்கும் ஒரே பைத்தியம்னு சிரிச்சாங்க."

அவ்வளவுதான் பேசினோம். பிள்ளைகளை என் அறையில் விட்டு, துணி மாற்றச் சொல்லிவிட்டுக் குடையை எடுத்தேன். அரை நாள் நடை. அங்கே இன்னும் அஞ்சு காம்பரா ஆட்கள் இருந்தார்கள். அவள் இடுப்பில் இருந்ததை என் கையில் கொடுத்து, முந்தானையைப் பிழிந்து தலையில் போட்டுக்கொண்டாள். பிறகு பிள்ளையை வாங்கிப் புருஷனிடம் கொடுத்தாள். நான் தனியாகப் போகிறேன் என்றேன்.

"நீ சொன்னா ஒருத்தன் நம்ப மாட்டான், நானும் வர்றேன்," என்றாள். புருஷனைக் காட்டினாள். "இவரு சுண்ணாம்பக் கொழைச்சு நேராக்கப் போனாரு. நான் கையப் புடிச்சுட்டேன். அந்த ஒரு விரல் அப்படியே இருக்கு. வா, போய்க் காட்டலாம்."